பொத்தானும் துளையும் இல்லாதது

சாஜிங் தொழில் வட்டாரத்தில் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நான்காயிரம் மின் சிகரெட்டாவது என் கை வழியாகப் போகும். எட்டு வருடமாகப் பெட்டியில் அடைக்கிற பிரிவில் இருக்கிறேன். குட்டையானது, நெட்டையானது, பேனா மாதிரி, சோப்புக் கட்டி மாதிரி எல்லாம் பார்த்தாயிற்று. எது முலாம்பழம், எது திராட்சை என்று கண்ணை மூடிக்கொண்டே வாசனையை வைத்துச் சொல்வேன். அந்தப் பழவாசனை எல்லாம் கப்பலேறிப் போகிறவை. உள்ளூரில் விற்கக் கூடாது. ஒன்றைக்கூட நான் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

அதனால், துவைக்க எடுத்த மகளின் மேல்சட்டையிலிருந்து அது என் உள்ளங்கையில் விழுந்தபோது என்ன பொருள் என்பது உடனே தெரிந்துவிட்டது. எப்படி வேலை செய்யும் என்பதுதான் தெரியவில்லை. விரல் நீளம், சாம்பல் நிறம். மேலே பெயர் இல்லை, எண் இல்லை. அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. எங்கள் பெட்டிகளில் போகிற ஒவ்வொன்றுக்கும் அடியில் சார்ஜ் கம்பி செருக ஒரு துளை இருக்கும். இதில் அதுவும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எறும்பு நுழையக்கூட வழியில்லை.

என் மகள் ஜிங்வெனுக்கு இருபத்துமூன்று வயது. நகத்துக்குப் பூச்சும் சித்திரமும் போடும் கடையில் வேலை. ஒரு நகத்தின் மேல் பிளம் மரக் கிளையே வரைந்துவிடுவாள், அப்படிப்பட்ட கை. இரண்டு மாதமாக அந்தக் கை நடுங்கியது. அந்த வாரம் மட்டும் இரண்டு தடவை விழுந்திருந்தாள், ஒரு தடவை மீன் சந்தைப் படிக்கட்டில், ஒரு தடவை வீட்டுக் குளியலறையில். கேட்டால் ரத்த அழுத்தம் குறைவு என்றாள். நானும் ஈரலும் கீரையும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அவள் கிளம்பும்போது அதை நீட்டிக் கேட்டேன்.

"இது யாருடி வெச்சது?"

ஒரு கணம் அவள் கண் என் கையிலேயே நின்றது. பிறகு சிரித்தாள்.

"கடையில கூட வேலை செய்யறவளோடதும்மா. கெட்டுப் போச்சுன்னு குடுத்தா. நீதான் ஃபாக்டரியில இருக்கியே, சரி பண்ணிடுவியோன்னு வாங்கிட்டு வந்தேன். மறந்துட்டேன்."

"நான் பொட்டியில போடறவ. ரிப்பேர் பண்றவ இல்ல."

"அப்ப தூக்கிப் போடு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். தூக்கிப் போடு என்றவள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று, "இல்லம்மா, வெச்சிரு. அவ கேப்பா" என்று கத்தினாள். அந்தக் குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோக முடியாது. வாசலில் கருவி வைத்துத் தடவுவார்கள், திருடி என்று சொல்லிவிடுவார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருக்கிற நூடுல்ஸ் கடைக்குக் காங் அண்ணனை வரச் சொன்னேன். எங்கள் வரிசையில் பழுதாகித் திரும்பி வருகிறவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. ஐம்பத்தாறு வயது. மின் சிகரெட்டைக் கிண்டலடித்துக்கொண்டே நிஜ சிகரெட்டைப் பிடிக்கிற மனிதர்.

"என்ன லுவோ அக்கா, விருந்தெல்லாம் பலமா இருக்கு? பொண்ணுக்குக் கல்யாணமா?"

"மொதல்ல இத பாருங்க அண்ணே."

அவர் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு அதை வாங்கினார். வாயில் வைக்காமல், இழுக்கும் முனையைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார்.

"பொத்தான் கெடையாது. இழுத்தாலே போதும். உள்ள காத்து நகர்றத ஒண்ணு கண்டுபிடிச்சு கம்பிய சூடாக்கும். நம்ம சாமான் மாதிரிதான்." சிகரெட் பெட்டித் தாளைக் குழலாக உருட்டி முனையில் பொருத்தி மெல்ல உறிஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. "செத்துக் கெடக்கு. சார்ஜ் இல்ல."

"எங்க சார்ஜ் போடறது? துளையே இல்லையே."

"அதான் நானும் பாக்கறேன்." அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். நகத்தால் நடுவில் கீறினார். மேல் பாதி கிளிக்கென்று கழன்று வந்தது. காந்தம் பிடித்து வைத்திருந்திருக்கிறது. கழன்று வந்தது திரவம் இருக்கிற குப்பி. அதைத் தனியாக வைத்துவிட்டு அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். "இங்க பாரு. ரெண்டு புள்ளி."

மிளகாய் விதை அளவுக்கு இரண்டு பொன்னிறப் புள்ளிகள். எத்தனை தடவை பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

"இதுக்குன்னு ஒரு பொட்டி இருக்கும் லுவோ அக்கா. அதுக்குள்ள படுக்க வெச்சா ரெண்டு முள்ளு வந்து இந்தப் புள்ளியத் தொடும். கம்பிய பொட்டிக்குத்தான் செருகணும், இதுக்கு இல்ல. காதுல மாட்டிப் பாட்டு கேக்கறாங்களே, அந்தச் சாமான் மாதிரி."

நான் என் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. குப்பியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"இது யாரோடது?"

"கூட வேலை செய்யற ஒருத்தியோடது."

"அடியில ரப்பர் அடைப்பு இருக்கு பாரு. அதுல ஊசி குத்தின எடம் தெரியுதா? நம்ம எடத்துல ஊத்தி மூடினா இந்த மாதிரி ஓட்டை விழாது. யாரோ பழசக் காலி பண்ணிட்டு வேற எதையோ ஏத்தியிருக்கான். மோந்து பாரு. பழ வாசன வருதா? புகையில வாசன வருதா?"

முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டு வருடத்தில் வாசனையே இல்லாத குப்பியை நான் பார்த்ததில்லை.

"அது யாரா இருந்தாலும் சொல்லிடு, வாயில வெக்க வேணாம்னு" என்றார் காங் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்ன புரிந்ததோ, எனக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வயிற்று வலி என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் அரிசிக் குக்கருக்குப் பக்கத்தில், என் கைப்பேசிக் கம்பியின் நுனியில் இருந்தது. வெள்ளைப் பெட்டி, முட்டை மாதிரி வழுவழுப்பு. மூன்று மாதமாக ஜிங்வென் வேலை முடிந்து வந்ததும், "அம்மா, என் இயர்போன சார்ஜ் போட்டு வெச்சிரு" என்பாள். நான் கம்பியைச் செருகி வைப்பேன். காலையில் விளக்கு எரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவள் பைக்குள் நானே போடுவேன். அன்று காலை மட்டும் அந்தப் பேச்சில் மறந்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்ததில்லை. பதினைந்து வயது வரை எங்கள் சொந்த ஊர் ஹெங்யாங்கில் என் அக்கா வீட்டில் வளர்ந்த பெண். அவள் அப்பா வேறு குடும்பம் தேடிப் போனபின் நான் இங்கே வேலைக்கு வந்து, வருடத்துக்கு ஒரு தடவை புத்தாண்டுக்கு மட்டும் பார்த்த பெண். அவளுக்கென்று தினமும் செய்ய எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்ததே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட இருந்தது.

மூடியைத் திறந்தேன். உள்ளே விரல் நீளப் பள்ளம். அடியில் இரண்டு முள். குப்பியைப் பொருத்தி, கருவியை அதில் படுக்க வைத்தேன். சரியாக உட்காரவில்லை, தலைமாற்றி வைத்தபோது காந்தம் தானாகவே இழுத்துக்கொண்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடத்தில் சிவப்பு அணைந்து வெள்ளை விளக்கு மூன்று தடவை மின்னியது.

நான் ஏன் அதைச் செய்தேன் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். காங் அண்ணன் வேண்டாமென்று சொன்னது காதில்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறொரு ஆசை. இழுத்தால் இருமல் வரும், வாய் கசக்கும், ஏதோ மலிவுப் புகையிலைச் சரக்கு, அவ்வளவுதான் என்று ஆகிவிட வேண்டும். அப்படி ஆனால் மகளை நாலு திட்டுத் திட்டிவிட்டு இரவுக்கு எங்கள் ஊர்ப் புகைக்கறியை, அந்தப் புகையில் உலர்த்திய பன்றி இறைச்சியை, மிளகாய் போட்டு வதக்கலாம்.

ஒரு இழுப்பு. இருமல் வரவில்லை. கருவியின் ஓரத்தில் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. சரியாக இழுக்கவில்லை போலிருக்கிறது என்று இரண்டாவது தடவை நீளமாக இழுத்தேன்.

முழங்கால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுவர் மெதுவாகச் சாய்ந்தது, நான் சாய்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நெற்றி குக்கர் மேடையில் இடித்து வீங்கியிருந்தது. வாயோரம் எச்சில். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சமையலறையில் யாரோ பூண்டு வதக்குகிற சத்தம் கேட்டது. என் தலைமாட்டில் ஜிங்வென் மண்டியிட்டிருந்தாள். வேலை நேரத்தில் எப்படி வந்தாள் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

"எத்தன இழுப்பு இழுத்த? அம்மா! எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டா? பழகாதவங்களுக்கு அரையே அதிகம்! செத்துப் போயிருப்பியே, பைத்தியக்காரி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டாள்.

"கூட வேலை செய்யறவளோடதா அது?" என்றேன்.

அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்று காலை ஒரு வாடிக்கையாளரின் விரலை வெட்டிவிட்டாளாம். சதை பிளந்து ரத்தம் மேசையெல்லாம் ஓடியதாம். முதலாளியம்மா அங்கேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டாள்.

"எப்பருந்து?"

"வசந்தத்துலருந்து. மொதல்ல தூக்கம் வரலன்னுதான். ஒருத்தி குடுத்தா. சிகரெட் மாதிரிதான், நாத்தம்கூட இருக்காதுன்னா."

"என் கையாலயே சார்ஜ் போட வெச்சியே. அது எதுக்குடி?"

"என் ரூம்ல பிளக் இல்லம்மா" என்றாள். அதைக் கேட்டு எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் நெற்றி வலித்தது. அவளும் சிரிக்கப் பார்த்து அழுதாள்.

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் காவல்துறை ஒட்டிய தாள் ஒன்று ஒரு வருடமாக இருக்கிறது. இந்த மாதிரிக் குப்பிகளில் மயக்க மருந்தைக் கலந்து விற்கிறார்கள், இழுத்தால் போதைப்பொருள் குற்றம் என்று எழுதியிருக்கும். பிடிபட்டால் காவலில் வைப்பார்கள், பெயர் பதிவாகிவிடும். தானாகவே வந்து சொல்லிச் சிகிச்சைக்குப் போகிறவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். எனக்கு மேலே உள்ள பெரிய எழுத்துத்தான் ஞாபகம் வந்தது.

"வெளிய யாருக்கும் தெரிய வேணாம். வீட்டுலயே விட்டுடறேன். சத்தியமா" என்றாள். நான் சம்மதித்தேன். அது என் தப்பு.

குப்பியையும் கருவியையும் ஒரு துணியில் சுற்றி என் உள்ளாடைப் பெட்டியின் அடியில் வைத்தேன். எறிந்திருக்கலாம். யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். வெள்ளைப் பெட்டியையும் கம்பியையும் என் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். சார்ஜ் இல்லாவிட்டால் அது வெறும் குழல்தானே என்று நினைத்தேன். முதல் நாள் அவள் வியர்த்துக் கிடந்தாள். இரண்டாம் நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் கொட்டினாள். "ஒரே ஒரு இழுப்பும்மா, கை நிக்கட்டும், அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். கல்நெஞ்சுக்காரி என்றாள். ஹெங்யாங்கில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம் என்றும் கேட்டாள். நான் கொட்டிய கஞ்சியைத் துடைத்தேன்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து பார்த்தேன். வீடு திறந்து கிடந்தது. என் துணிப்பெட்டி கலைந்திருந்தது. கருவியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்திருக்கிறது. அன்று நான் நிரப்பியதுதான். நான் இரண்டு இழுப்புத்தான் இழுத்திருந்தேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டு மேலே ஓடினேன். எங்கள் கட்டடம் ஏழு மாடி. கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்குக்கூட வராது. காய்கிற போர்வைகளுக்கு நடுவே ஜிங்வென் நடந்துகொண்டிருந்தாள். கப்பல் தளத்தில் நடக்கிறவள் மாதிரி ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு போர்வையை விலக்கினாள். அதற்கு அப்பால் சுவர், சுவருக்கு அப்பால் தெரு. அவள் முகத்தில் பயமே இல்லை. கீழே யாரையோ பார்த்துச் சிரிக்கிறவள் போல முன்னால் குனிந்தாள்.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள் என்று தோன்றியது. சத்தமில்லாமல் ஓடிப்போய் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். போர்வை எங்கள் மேல் விழுந்தது. அந்த ஈரப் போர்வைக்குள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெளிகிறவரை கிடந்தேன். பக்கத்து மாடியில் துணி உதறிக்கொண்டிருந்த பெண், "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தெளிந்ததும் முதலில் தலையைத் தடவிக்கொண்டாள். "முடிய புடிச்சா இழுப்ப?"

"எந்திரி. போலாம்."

"எங்க?"

"தெருமுனை போதைத்தடுப்பு ஆபீசுக்கு. அங்கதான் இதுக்குன்னு ஆள் இருக்காங்க."

"என்னப் புடிச்சிக் குடுக்கப் போறியா?"

"ஆமா. என்னையும் சேத்து. நானும்தான் இழுத்தேன். மூணு மாசமா சார்ஜ் போட்டதும் நான்தான்."

அவள் போர்வையை மெல்ல ஒதுக்கினாள். வரமாட்டேன் என்று சொல்வாள், கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். "செருப்பு எங்க கெடக்குன்னு பாரு" என்றாள்.

அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. என்னை விட இளையவள். மேசையில் பாதி சாப்பிட்ட சோற்று டப்பா. நான் துணி முடிச்சை அவிழ்த்து வைத்தேன். அவள் கையுறை மாட்டிக்கொண்டு கருவியைப் புரட்டினாள். பொத்தானைத் தேடினாள், துளையைத் தேடினாள்.

"இது எப்படி வேலை செய்யுது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

நான் சொன்னேன். நடுவில் நகத்தைக் கொடுத்தால் கழன்று வரும் என்றேன். அடைப்பில் ஊசித் துளை, அடியில் இரண்டு புள்ளி, இந்தப் பெட்டியில் படுக்க வைத்தால் சிவப்பு எரியும், நிரம்பினால் வெள்ளை மூன்று தடவை மின்னும் என்றேன். சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "நீங்கதான் பயன்படுத்தறீங்களா?" என்றாள்.

"இல்ல, நான்தான்" என்றாள் ஜிங்வென். அவள் குரல் தெளிவாக இருந்தது. "அம்மா ஒரு தடவதான் இழுத்தாங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறதுக்கு."

விற்றது யார் என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஜிங்வென் எங்கள் தெருக்காரி ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் என்னோடு பேசுவதில்லை. எங்கள் இருவர் பெயரும் ஏட்டில் ஏறியது. என்னை எச்சரித்து அனுப்பினார்கள். அவளை அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

முதல் வாரம் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. புகைக்கறியை மிளகாயோடு வதக்கி டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவை உள்ளே விடவில்லை, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு நீள மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கன்னம் ஒட்டியிருந்தது. பத்து நகத்திலும் பூச்சு இல்லை. அவளை நான் அப்படிப் பார்த்து வருடங்களாகியிருந்தன.

சாப்பாடு, தூக்கம், பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விடுவது என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு இழுத்தியே. எப்படி இருந்துச்சு?"

காங் அண்ணனிடம் செத்துப் பிழைத்த மாதிரி என்று சொல்லியிருந்தேன். அதிகாரியிடம் குமட்டல் என்று சொல்லியிருந்தேன். அங்கே நின்றிருந்த தாதி எங்கள் பக்கம் திரும்பினாள். ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். "உன்ன அக்கா வீட்டு வாசல்ல விட்டுட்டு பஸ் ஏறினதுலருந்து உள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. சாப்பிடறப்ப, பொட்டி அடைக்கறப்ப, எப்பவும். அந்தக் கொஞ்ச நேரம் அது இல்ல. அதான்டி எனக்கு பயமா இருக்கு. இன்னொரு தடவ கையில கெடச்சா வேணாம்பேன்னு என்னாலயே சொல்ல முடியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து டாக்டரும் தாதியும் அதிகாரியும் அது எவ்வளவு கெட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

"எனக்கும் அப்படித்தாம்மா" என்றாள் மெல்ல. "யார்கிட்டயும் சொல்ல முடியல."

மேசைக்கு மேல் கை நீட்டக் கூடாது என்பது விதி. அவள் நீட்டினாள். தாதி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் பிடித்துக்கொண்ட அந்தக் கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எப்போது நிற்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை, முழுக்க நிற்குமா என்றும் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.